முதலைகள் காத்த தீவு

நாம் கொம்பனித்தெரு என வழங்கும் இடத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் அடிமைத் தீவு. ஒல்லாந்தர் கொழும்பை ஆண்ட நாளில் (1656 - 1796), பகலெல்லாம் கோட்டையில் உழைத்த அடிமைகளை அந்தியிலே தோணியேற்றி இங்கு கொணர்ந்து அடைத்தனர். நாள்தோறும் நிகழ்ந்த காரியம். கணக்கெழுதியவனுக்கு அதிற் புதுமை யாது? மக்கள் நாவோ அதனைச் சும்மா விடவில்லை. அடிமைகள் நீந்தித் தப்பாவண்ணம் பேரை வாவியில் முதலைகளை விட்டுவைத்தனர் என்று கதை எழுந்தது. உருவற்ற அச்சத்துக்கு அது பல்லும் வாலும் கொடுத்தது.

சைவப் பிள்ளைகளுக்கு இங்கே அவிநாசி நினைவு வரும். முதலையுண்ட பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். இடையிற் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் கரையேறினான் என்கிறது பெரியபுராணம். ஒரு தாயின் புத்திரசோகம் பாட்டிலே புராணமாயிற்று. பேரை வாவிக்கு அத்தகைய பாவலர் வாய்க்கவில்லை. அதன் கதையில் அடிமை எவனுக்கும் பெயர்கூட இல்லை.

2022இல் அந்த ஆங்கிலப் பெயரைக் கைவிடுமாறு அரசாங்கம் பணித்தது. இழிபெயர் ஒழிந்தது நன்றே. ஆயினும், மாணவர்களே, அம்மனிதரை ஊரார்க்கு நினைப்பூட்ட இனி முதலைக் கதைதான் உண்டு. வீட்டில் ஆச்சியைக் கேட்டுப் பாருங்கள்; அவர் சொல்லும் முதலை நாம் கேட்ட முதலையினும் ஒரு முழம் நீண்டிருக்கும்.