மரை ஏறினால் போதுமா?

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரிடம் ஸ்பேர் பார்ட்ஸ் பற்றிக் கேட்டால் இரண்டே சொல்லில் உலகத்தைப் பிரித்துவிடுவார்: கம்பெனி, லோக்கல். ஆனாலும் ஒரு போல்ட்டைக் கையில் வாங்கினால் முத்திரையைத் தேடமாட்டார். மரையையும் நீளத்தையும்தான் பார்ப்பார். பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு வேறு கம்பெனி லென்ஸ் தேடுகிறவர்களுக்கும் இந்தப் பக்குவம் வேண்டும். லென்ஸ் கழற்றி மாட்டும் லைக்கா 1930இல் வந்தபோது, ஒவ்வொரு லென்ஸும் அதற்குரிய கேமராவோடு மட்டுமே ஒத்துப்போகும்படி தனித்தனியாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. 1931இல் அளவுகள் பொதுவாக்கப்பட்டன: விட்டம் 39 மி.மீ., அங்குலத்துக்கு 26 மரை. அதன்பின் ஜப்பானின் கேனான், நிக்கான், சோவியத்தின் ஃபெட், ஜோர்க்கி, இங்கிலாந்தின் ரீட் என்று பலரும் அந்த மரையிலேயே கேமராவோ லென்ஸோ செய்தார்கள். இன்று பழைய சந்தையில் கிடைக்கும் இந்த மரை லென்ஸ்களில் பெரும்பாலானவை திருகினால் ஏறிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. பக்கத்திலுள்ள சிறு ஜன்னலில் ஒரே பொருள் இரண்டு உருவமாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று படியும். படிந்ததும் ஃபோகஸ் ஆகிவிட்டதாக நம்புகிறோம். நம்புகிறோம் என்பதுதான் சரியான சொல். கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளை லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டுக்கொண்டு, அது முன்னும் பின்னும் நகர்வதை ஜன்னலுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான் கேமராவுக்குத் தெரியும். ஆகவே மரை தவிர இன்னும் இரண்டு அளவுகள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று, லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம்: 28.8 மி.மீ. மற்றொன்று, உருளையைத் தள்ளும் அளவு. இருட்டறையில் படம் பெரிதாக்கும் என்லார்ஜரின் லென்ஸ்கள் பலவற்றுக்கும் இதே 39 மி.மீ. மரைதான், அவை அழகாக ஏறும், ஆனால் ஃபோகஸ் செய்யும் அமைப்பே அவற்றில் கிடையாது. அதைவிடப் பொல்லாதது பழைய ஜெனிட் கேமராவின் லென்ஸ். அதுவும் 39 மரைதான், ஆனால் அது 45.2 மி.மீ. தள்ளி உட்கார வேண்டியது. ரேஞ்ச்ஃபைண்டரில் மாட்டினால் பிலிமுக்கு 16.4 மி.மீ. கூடுதலாக நெருங்கிவிடும், எந்தத் தூரத்திலும் தெளிவு வராது.

இவை பட்டவர்த்தனமான பொருத்தமின்மைகள்; முதல் பிலிமிலேயே தெரிந்துவிடும். நுட்பமானது வேறு. லைக்காவின் 50 மி.மீ. லென்ஸ் என்பது உண்மையில் 51.6 மி.மீ.; ரேஞ்ச்ஃபைண்டரின் கணக்கும் அதை வைத்தே அமைந்தது. ஜெர்மனியின் சோன்னார் லென்ஸைப் பின்பற்றி சோவியத்தில் செய்த ஜூபிட்டர் லென்ஸ்களின் குவியத் தூரம் அதைவிடச் சற்று அதிகம். 52.4 என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் ஆளுக்கு லென்ஸ் ஏறக்குறைய 0.09 மி.மீ. கூடுதலாக முன்னே வர வேண்டும். உருளைக்கோ அது தெரியாது. எஃப் 1.5 துளையில் பிலிம் பொறுத்துக்கொள்ளும் பிழை இருபுறமும் 0.045 மி.மீ. அளவுதான். லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத நாமக்கல்காரர்கள், இடையில் ஒரு ஷிம், அதாவது மெல்லிய தகடு, போட்டால் தீர்ந்தது என்பார்கள். பாதி உண்மை. ஷிம் லென்ஸ் முழுவதையும் ஒரே அளவு தள்ளும். கிட்டத்தில் ஆளின் கண் கூர்மையாக விழும்படி ஷிம் போட்டால், தொலைவிலிருக்கும் சேர்வராயன் மலை கலங்கும். மலையைச் சரிசெய்தால் கண் கலங்கும். எந்தத் தூரத்தில் அதிகம் எடுப்போம் என்று முடிவு செய்துகொண்டுதான் ஷிம்மை வெட்டவேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, லைக்கா லென்ஸையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். பணம் இருந்தால் வாங்கலாம். பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதமாகாது. 1950இல் டோக்கியோவில் லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜப்பானிய நண்பர் ஜுன் மிக்கி நிக்கானின் நிக்கார் 8.5 செ.மீ. லென்ஸில் தம்மை எடுத்த படத்தைக் கண்டு வியந்தார். கொரியப் போருக்குப் போனபோது அவருடைய லைக்காக்களில் இருந்தவை நிக்கார் லென்ஸ்கள்தான். அதுவும் புது லென்ஸ்களின் கதை. இன்று நம் கைக்கு வருவது எழுபது வயதுக் கண்ணாடி. உள்ளே கிரீஸ் ஆவியாகிப் படிந்து மூட்டம் போட்டிருந்தால் யார் செய்த லென்ஸாக இருந்தாலும் படம் வெளுக்கும். நல்ல பெயர் வாங்கிய கேனான் 50 எஃப் 1.8இல் துளைக்குப் பின்னுள்ள கண்ணாடியில் இந்த மூட்டம் அடிக்கடி காணப்படுகிறது. செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பார்க்காமல் எந்த லென்ஸுக்கும் காசு கொடுக்கக் கூடாது.

ஆகவே வெயில் காயும் நம் நாமக்கல் சமவெளிக்கு நான் சொல்வது, துளை பெரிதாகத் திறக்கும் வேகமான லென்ஸுக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதே. நடுப்பகல் வெயிலில் 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு எஃப் 16இல் 1/100 விநாடி போதும். அதே வெயிலில் எஃப் 1.4ஐத் திறந்தால் ஷட்டர் 1/12,800 விநாடியில் ஓட வேண்டும். இந்தப் பழைய கேமராக்களில் 1/1000க்கு மேல் போவது இல்லை. எஃப் 3.5 உள்ள இண்டஸ்டார்-22 போன்ற எளிய லென்ஸில் பொறுக்கும் பிழை 0.1 மி.மீ. வரை விரிகிறது, எஃப் 8க்குக் குறைத்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அளவு சற்றுத் தவறிய லென்ஸைக்கூட வெயில் காப்பாற்றிவிடும். மாலை வெளிச்சத்திலும் கல்யாண மண்டபத்திலும் என்ன செய்வது என்றால், அங்கேதான் கேனானுக்கோ நிக்காருக்கோ கூடுதலாகச் செலவழிக்க நியாயம் இருக்கிறது. மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்டுபவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அவர் லென்ஸ் வழியாகவே பார்க்கிறார், உருளை அங்கே வேலை செய்வதில்லை. ஆனால் டிஜிட்டலில் பளிச்சென்று விழுந்த படத்தைக் காட்டி ஒருவர் லென்ஸ் விற்றால், கண்ணாடி நன்றாயிருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி. ரேஞ்ச்ஃபைண்டரோடு ஒத்துப்போகும் என்பதற்கு அல்ல. அதைத் தெரிந்துகொள்ள ஃபெட்-2, ஜோர்க்கி-4 வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். பின்கதவு முழுதாகக் கழன்று வரும். பிலிம் ஓடும் இடத்தில் டிரேசிங் தாளை ஒட்டி, ஷட்டரைத் திறந்து பிடித்தபடி, துளையை முழுதாகத் திறந்து, முதலில் மலை முகட்டையும் பிறகு ஒரு மீட்டரில் வைத்த செய்தித்தாளையும் பார்க்கலாம். பழைய லைக்காவில் பிலிமை அடிப்பக்கமாகத்தான் செருக வேண்டும், பின்கதவே கிடையாது. அங்கே ஒரு பிலிமைச் செலவழித்துத்தான் ஆகவேண்டும்.