அறைக்கும் அடக்கவிலை உண்டு
(பாரிஸ் பயண அனுபவம்)



கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் எங்களுக்கு சீசன் காலத்தில் தினமும் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "ஏரி இங்கிருந்து பக்கம்தானே?" என்பார்கள். விசாரித்தால் அவர்கள் தங்கியிருப்பது பெருமாள்மலையில் இருக்கும். விளம்பரத்தில் கொடைக்கானல் என்று போட்டிருந்தது, வாடகையும் குறைவு என்று பணம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். அவர்களைப் பார்த்துப் பல வருடம் நான் சிரித்ததுண்டு. அதே தவறை அறுபது வயதுக்கு மேல் நானும் செய்தேன். அதனால் ஏற்பட்ட நஷ்டம் நம் உறுப்பினர்களுக்காவது பாடமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன காரணம்

பாரிஸ் நகரில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 'சியால்' என்னும் உணவுப்பொருள் கண்காட்சி நடக்கிறது. 1964ல் தொடங்கியது. 2024 அக்டோபரில் 19 முதல் 23 வரை நடந்தபோது நானும் என் மருமகனும் போனோம். மலைப்பூண்டும் மிளகும் மொத்த வியாபாரம் செய்பவன் நான். 2019ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரான்சிலும் லோத்ரெக் என்னும் ஊரின் இளஞ்சிவப்புப் பூண்டுக்கு 1996 முதல் இதே மாதிரி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து அவர்கள் எப்படி விற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், பாரிசில் உள்ள ஈழத்தமிழ் மளிகைக் கடைக்காரர்களையும் சந்திக்க வேண்டும் என்பதே திட்டம்.

பூண்டு மாதிரியைப் பையில் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஐரோப்பாவுக்குள் பூண்டு கொண்டுபோக முடியாது. வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. நாங்கள் படங்களோடுதான் போனோம்.

எங்கே தவறினோம்?

விசா விண்ணப்பத்தோடு தங்குமிடச் சான்றும் காட்ட வேண்டும். அந்த அவசரத்தில் கைப்பேசியில் தேடினோம். "மாமா, இதுதான் மலிவு. பெயரிலேயே பாரிஸ் இருக்கு" என்றார் மாப்பிள்ளை. நானும் தலையாட்டினேன்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இடம் கிழக்குப் புறநகரின் கோடியில். கண்காட்சி நடக்கும் வில்பாந்த்தோ வடக்கே, விமான நிலையம் போகும் வழியில். காலையில் விடுதியிலிருந்து பஸ், பிறகு ஆர்.இ.ஆர். என்னும் நகர ரயிலின் 'ஏ' தடம், நகர நடுவில் இறங்கி 'பி' தடம். போகவே ஒன்றே முக்கால் மணி நேரம்.

இரண்டாம் நாள் மாலை ஒரு தமிழ் இறக்குமதியாளர் ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். சாமான்களை விடுதியில் வைத்துவிட்டு, உடை மாற்றித் திரும்புவதற்குள் எட்டரை ஆகிவிட்டது. அவர் போய்விட்டார். மறுநாள் வெளியூர்ப் பயணமாம். பக்கத்துக் கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அவ்வளவு தூரத்திலையோ? இஞ்சை பக்கத்திலை றூம் எடுத்திருக்கலாமே!" என்றார். அன்றிரவு கடைசி பஸ்ஸும் போய்விட்டது. டாக்சிதான்.

அறைக்குத் திரும்பி, கணக்கு நோட்டை எடுத்தேன். நகருக்குள் அறை எடுத்திருந்தால் நாளுக்கு 55 யூரோ கூடுதலாகியிருக்கும். இரண்டு இரவில் மிச்சம் 110. இருவருக்கும் ரயில், பஸ் கூடுதல் செலவு 40. டாக்சி 80. ஆகச் செலவு 120. பத்து யூரோ கைநஷ்டம், போன சந்திப்பு தனி. சரக்கு வாங்கும்போது வண்டிக்கூலி, ஏற்றுகூலி, கழிவு எல்லாம் சேர்த்து அடக்கவிலை போடுகிற நாம், அறைக்கு மட்டும் அப்படிப் போடுவதில்லை.

மையம் எது?

பாரிஸ் நகரம் இருபது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஒன்று தொடங்கி நத்தைக்கூடு போலச் சுற்றிக்கொண்டே வெளியே போகும். அஞ்சல் குறியீட்டைப் பார்த்தாலே வட்டாரம் தெரிந்துவிடும். 75010 என்றால் பத்தாவது வட்டாரம். 75ல் தொடங்காத முகவரி பாரிஸ் நகருக்குள் இல்லை. எங்கள் விடுதியின் குறியீடு 77ல் தொடங்கியது. 624101 என்று பார்த்ததும் கொடைக்கானல் என்று சொல்கிற நமக்கு இது கஷ்டமான பாடமில்லை.

நாங்கள் தினமும் ரயில் மாறிய ஷாத்லே - லே ஆல் நிலையம்தான் நகரின் நட்டநடு. ஏ, பி, டி என்று மூன்று ஆர்.இ.ஆர். தடங்களும் ஐந்து மெட்ரோ தடங்களும் அங்கே சேருகின்றன. நமக்கு முக்கியமான செய்தி வேறு. 12ஆம் நூற்றாண்டு முதல் பாரிசின் மொத்த மார்க்கெட் அந்த இடத்தில்தான் இருந்தது. நெரிசல் தாங்காமல் 1969ல் நகருக்குத் தெற்கே ருன்ஜிஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். சென்னையில் கொத்தவால்சாவடி 1996ல் கோயம்பேடு போன கதையேதான். இன்று பழைய இடத்தில் பெரிய வணிக வளாகம் நிற்கிறது. ஊரைச் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு அந்தப் பகுதி வசதி. வாடகை அதிகம்.

வியாபாரிக்கு ஏற்ற மையம் வேறு. மூன்றாம் நாள் நாங்கள் பத்தாவது வட்டாரத்தில் 'கார் து நோர்' என்னும் வடக்கு ரயில் நிலையத்துக்கும், நம்மவர்கள் லாச்சப்பல் என்று சொல்லும் லா ஷப்பெல் பகுதிக்கும் நடுவே ஒரு சிறு விடுதிக்கு மாறினோம். விமான நிலையமும் கண்காட்சியும் அங்கிருந்து ஒரே 'பி' தடத்தில், வண்டி மாறாமல். லண்டனில் உறவினர் இருந்தால் அந்த ரயிலும் அங்கேயே. தமிழ் மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, நகைக்கடை எல்லாம் நடக்கும் தூரம். 1985ல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அருகில்தான். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கண்காட்சி வாசலில் நின்றோம். மாலையில் நான்கு கடைக்காரர்களோடு நிதானமாகப் பேச முடிந்தது. ஆனால் அந்த நிலையத்தில் ஜேப்படி உண்டு. பாஸ்போர்ட்டும் பணமும் உள்பையில் இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலில் உங்கள் வேலை எங்கே என்று தீர்மானியுங்கள். அங்கே போகும் ரயில் தடத்தின் மேல் அறை தேடுங்கள். முகவரியின் குறியீட்டைப் பாருங்கள். நிலையத்திலிருந்து விடுதிக்கு நடை எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். அறைகள் சிறியவை, லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடங்களும் உண்டு, மூட்டுவலிக்காரர்கள் முன்பே விசாரிக்கவும். காலைச் சிற்றுண்டி பெரும்பாலும் தனிக் கணக்கு. ஊருக்கான தங்கல் வரியும் தலைக்கு இவ்வளவு என்று சேரும். ருன்ஜிஸ் மார்க்கெட்டைப் பார்க்க விரும்புவோர் முன்பதிவு செய்து அதிகாலையில் குழுவோடு போகலாம்.

அந்த இறக்குமதியாளரை இன்றுவரை நேரில் பார்க்க வாய்க்கவில்லை. தொலைபேசியில் மட்டும் பேசினோம். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது அறையை லாச்சப்பலிலேயே போடுவேன். பெருமாள்மலையில் தங்கிவிட்டு ஏரியைத் தேடி வருபவர்களைப் பார்த்து இப்போது நான் சிரிப்பதில்லை. உட்காரவைத்து, ஒரு காப்பி கொடுத்து, வழி சொல்லி அனுப்புகிறேன்.