ஒப்பரேஷன் புண் ஆறியும் கால் ஏன் எரிகிறது?



றக்வானைப் பக்கத்து லயங்களுக்கு நாம் போகும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "காலுல ஒப்பரேஷன் செஞ்சு தையலும் பிரிச்சாச்சுங்க. புண்ணும் ஆறிப்போச்சு. ஆனா ராத்திரியில நெருப்பு மாதிரி எரியுது." பக்கத்துக் காம்பராக்காரர்களோ, "காயத்தையே காணோம், மலைக்குப் போகக் கள்ளம் பண்ணுது" என்கிறார்கள்.

இது கள்ளம் அல்ல, நரம்பு வலி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்குக் காயம் ஆறிய பின்னும் இந்த எரிச்சல் இருந்ததை, டொக்டர் வீயர் மிச்செல் 1864 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார்.

ஏன் வருகிறது?

நரம்பு கரண்ட் கம்பியைப் போன்றது. ஒப்பரேஷனின்போது அது வெட்டுப்பட்டாலோ, இழுபட்டாலோ, தழும்புக்குள் சிக்கினாலோ மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்பும். எரிச்சல், ஊசி குத்து, சுள்ளென்ற வலி வரும். சிலருக்குப் போர்வை பட்டாலே தாங்காது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே குணமாக மாதக்கணக்காகலாம். சீனி வியாதி இருந்தால் அதனாலும் கால் எரியும். சீனியையும் சோதிக்க வேண்டும்.

மருந்து

இந்த வலிக்குப் பெனடோல் அவ்வளவாகக் கேட்காது. டொக்டர்மார் அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற மருந்து கொடுப்பார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவதால், "பைத்தியத்துக்கு மருந்து தந்துட்டாங்க" என்று சிலர் அதை வீசி விடுகிறார்கள். அது தவறு. நரம்பு வலிக்கு அதைக் குறைந்த அளவிலேயே கொடுக்கிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். தூக்கம், வாய் வறட்சி வரலாம். டொக்டரைக் கேட்காமல் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். இருதய வருத்தம், கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. தழும்பு நன்றாக ஆறிய பின் பஞ்சால் மெதுவாகத் தடவுங்கள். பழகியதும் மெல்லிய துணி, பிறகு துவாய். ஒரு தடவைக்குச் சில நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. தொடுகைக்கு நரம்பு பழகும்.
2. காலை அசைக்காமல் வைக்காதீர்கள். டொக்டர் சொன்னபடி விரலையும் கணுக்காலையும் ஆட்டுங்கள். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
3. மரத்த காலுக்குச் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம். சுட்டாலும் தெரியாது.
4. வெறுங்காலுடன் மலையில் இறங்க வேண்டாம். தினமும் பாதத்தைப் பாருங்கள்.

உடனே போக வேண்டியது எப்போது?

காய்ச்சல், சீழ், புதிதாகச் சிவப்பு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சு வாங்குதல் இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாதம் வீங்கி நிறம் மாறி, தொட முடியாமல் வலித்தாலும் தாமதிக்க வேண்டாம். 3 மாதம் தாண்டியும் வலி இருந்தால், ஒப்பரேஷன் துண்டுடன் கிளினிக்குக்குப் போய் "நரம்பு எரியுது" என்று விளக்கமாகச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் கேட்டால் இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குத் துண்டு எழுதுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை: வலி கண்ணுக்குத் தெரியாது. "நடிக்கிறாய்" என்று சொல்லாமல், கிளினிக் நாளில் கூடப் போங்கள். அதுவும் ஒரு மருந்துதான்.