பழுதை மறைத்து விற்ற பணம்

சென்னை புதுப்பேட்டை போன்ற கடைவீதியில் உங்கள் காருக்குப் பழைய டைனமோ ஒன்றை வாங்குகிறீர்கள். பொருத்திப் பார்த்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். பழைய பொருளில் தேய்மானம் இயல்பு. அதை அறிந்தே குறைந்த விலைக்கு வாங்குகிறோம். ஆனால் இயங்காதிருப்பது தேய்மானமன்று, குறையாகும். விற்கும்போதே இருந்து, வாங்கியவர் அறியாத குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பித் தந்து பணத்தைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஃபிக்ஹு நூல்கள் இதனைக் ‘கியாருல் ஐப்’ என்கின்றன. குறை தெரிந்த பின்னும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவ்வுரிமை போய்விடும். ஷாஃபிஈ மத்ஹபின்படி காலம் தாழ்த்தாமல் திருப்பிவிடவும் வேண்டும்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பலகை மாட்டுவதால், தெரிந்தே மறைத்த பாவம் நீங்கிவிடாது.

வாங்கியவருக்கும் அச்சம் வேண்டும். தவறாகப் பொருத்திக் கருகியதை, ‘வாங்கும்போதே பழுது’ என்று கூறிப் பணம் பெறுவதும் மோசடியே.

எனவே, வேறொரு மெக்கானிக்கிடம் சோதித்து, ரசீதுடன் சென்று நயமாகக் கேளுங்கள். மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம்.

நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்குவானாக! ஆமீன்.