கலங்க வைத்த கடைசிப் பாகம்!

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் செல்லும் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் போனால், பாலுசெட்டி சத்திரத்துக்கு அருகே இருக்கிறது திருப்புட்குழி. "புள்" என்றால் பறவை. பறவையைக் குழியில் இட்ட இடம் புட்குழி. சீதையைத் தூக்கிச் சென்ற இராவணனை வழிமறித்து, சிறகு அறுந்து விழுந்த ஜடாயுவுக்கு இராமபிரான் தன் கையாலேயே ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்கிறது தல வரலாறு. விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர்.

இராம கதையில் சீதா கல்யாணம் இருக்கிறது, பட்டாபிஷேகம் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு கிழப்பறவை போராடித் தோற்று உயிர்விட்ட கட்டம் இந்த ஊருக்குப் பெயராக நிற்கிறது பாருங்கள்! துயரமான கட்டத்தின் மேல் நம்மவர்களுக்கு அப்படி ஒரு பிடிப்பு.

இதே காஞ்சிச் சீமையைக் களமாகக் கொண்ட ஒரு தொடர்கதையிலும் அதுதான் நடந்தது.

யுத்த காலத்துக் கதை

அது "கல்கி" எழுதிய "சிவகாமியின் சபதம்". 1944 முதல் 1946 வரை "கல்கி" வார இதழில் வெளிவந்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு பத்திரிகை வாங்க முடியாது. ஒருவர் உரக்கப் படிக்க, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

கதைக்கு நான்கு பாகங்கள். முதல் பாகம் "பரஞ்சோதி யாத்திரை". குதிரைப் பயணம், மாறுவேடம், நாட்டியம், சிற்பக்கூடம் என்று குதூகலமாகப் போகும். இரண்டாவது "காஞ்சி முற்றுகை". சளுக்க மன்னன் புலிகேசியின் படை கோட்டை வாசலுக்கே வந்துவிடுகிறது. மூன்றாவதான "பிக்ஷுவின் காதல்" தொடங்கியபின் வெளிச்சம் குறைகிறது. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி வாதாபிக்குச் சிறை போகிறாள். நான்காம் பாகத்தின் பெயரே "சிதைந்த கனவு"! இனிமேல் சிரிப்பதற்கு அதிகம் இல்லை என்று ஆசிரியர் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் வாசகர்கள் பத்திரிகையைக் கீழே வைக்கவில்லை.

வரமாட்டேன் என்றாள்

மாமல்லன் நரசிம்மன் மாறுவேடத்தில் வாதாபிக்கே வந்து, "புறப்படு" என்று சிவகாமியை அழைக்கிறான். அவள் மறுக்கிறாள். வாதாபியை எரித்துத் தன்னை அழைத்துப் போனால்தான் வருவேன் என்பது அவள் சபதம். அசோகவனத்தில் அனுமன் தன் தோளில் சுமந்து போவதாகச் சொன்னபோது சீதை மறுத்ததை இந்த இடத்தில் நினைக்காத தமிழர் இருக்க முடியாது.

ஆனால் சீதைக்கு இராமன் வந்தான். சிவகாமிக்கும் மாமல்லன் வந்தான், வாதாபி எரிந்தது, சபதம் நிறைவேறியது. அதற்குள் வருஷங்கள் ஓடிவிட்டன. இராஜ்யத்தின் நன்மைக்காக மாமல்லன் பாண்டிய ராஜகுமாரியை மணந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையாகியிருக்கிறான். வெற்றி ஊர்வலம் பார்க்க வந்த சிவகாமிக்கு அப்போதுதான் அது தெரிகிறது. யுத்தக் காட்சிகளைவிட இந்த ஒரு காட்சிதான் வாசகர் நெஞ்சை உலுக்கியது எனலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பலருக்கு முடிவு முன்பே தெரியும்! 1941 முதல் 1943 வரை இதே பத்திரிகையில் வந்த "பார்த்திபன் கனவு" கதையில், மாமல்லரின் மகள் குந்தவிதான் கதாநாயகி. அதைப் படித்தவர்களுக்கு மாமல்லருக்குக் குடும்பம் உண்டு என்பதும், அதில் சிவகாமி இல்லை என்பதும் தெரியும். தெரிந்தும் வாரா வாரம் காத்திருந்தார்கள். "என்ன ஆகும்?" என்று அறிய அல்ல; "எப்படி ஆகும்?" என்று அறிய.

எது நிஜம்?

சிவகாமியும் ஆயனரும் நாகநந்தி பிக்ஷுவும் கற்பனை. யுத்தம் கற்பனை அல்ல. காஞ்சிக் கோட்டைக்குள் பல்லவனை ஒடுங்க வைத்ததாகப் புலிகேசியின் புலவர் 634-ல் ஐஹொளெக் கல்வெட்டில் பெருமை பேசியிருக்கிறார். புள்ளலூரில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகப் பல்லவர் செப்பேடு பதில் சொல்கிறது. காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேட்டில் மணிமங்கலப் போர் பேசப்படுகிறது. வாதாபி 642-ல் விழுந்தது. நரசிம்மவர்மன் பெயரைத் தாங்கிய கல்வெட்டு அங்கேயே பாறையில் இருக்கிறது. தளபதி பரஞ்சோதிதான் பிற்பாடு சிறுத்தொண்ட நாயனார் ஆனார் என்பது பெரிய புராணம் படித்தவர்கள் அறிந்ததே.

ஆகவே காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கு இது எங்கோ நடந்த கதை அல்ல. கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கம் நெசவாளர், மறுபக்கம் நாடா தள்ள ஒரு துணையாள் வேண்டும். கையும் காலும் தறியில் இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது! படித்துச் சொல்ல ஒருவர் இருந்தால், மணிமங்கலமும் புள்ளலூரும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்கள்.

கதையின் முடிவில் சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புவித்து, அந்தச் சந்நிதியில் ஆடுகிறாள். கதையைப் படித்துவிட்டு அந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள், "இங்கேதானே ஆடினாள்?" என்று ஒரு நிமிஷம் தயங்கி நிற்பதில் ஆச்சரியமில்லை. இன்று வானளாவி நிற்கும் ராஜகோபுரம் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. மாமல்லர் காலத்துக்கும் அதற்கும் 800 வருஷத்துக்கு மேல் இடைவெளி. கதை படித்தவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், கேட்டுக்கொள்வார். ஆனால் அவர் கண் மட்டும் மண்டபத் தூண்களுக்கு நடுவே சிவகாமியைத் தேடிக்கொண்டிருக்கும்.