மரமே தண்ணீர் குடிக்கிறது, நமக்கென்ன?

எங்கள் ராயகிரியில் வேன் பிடித்துக் கோயில், அருவி என்று கிளம்பினால் பெண்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும்! "வழியில எங்கிட்டு இறங்க?" என்பதுதான் காரணம். குற்றால சீசனோ, திருச்செந்தூரோ, நானும் காலமெல்லாம் இப்படித்தான் போய் வந்தேன். ஒரு தடவை திரும்பி வந்த மறுநாளே குளிர்காய்ச்சல். சிறுநீரில் கிருமித் தொற்று என்றார் டாக்டர். அப்போதும் புத்தி வரவில்லை. அது வந்தது எங்கே தெரியுமா? கலிபோர்னியாவில்!

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஜூலை மாதம், மாப்பிள்ளை ஒரு 'வீட்டு வண்டி'யை வாடகைக்கு எடுத்தார். ஆர்.வி. என்கிறார்கள். நம்ம ஊர் மினி பஸ் மாதிரி இருக்கிறது. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், மூலையில் அலமாரி அகலத்துக்கு ஒரு கழிப்பறை! நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்குத் தனியாக ஒன்று. நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்தில் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு மாப்பிள்ளையே அந்த வேலையைச் செய்தார். "நீங்க சும்மா உட்காருங்க அத்தை" என்று சொல்லிவிட்டார்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி, 101-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். கழிப்பறை வேண்டுமானால் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இத்தனை இருந்தும் நான் அன்று முழுக்கக் குடித்தது ஒரு தம்ளர் காப்பி! சாயங்காலம் மண்டையிடி. போதாததற்கு நீர்க்கடுப்பு வேறு.

"அம்மா, காலையிலருந்து எத்தனை தம்ளர் தண்ணி குடிச்சீங்க?" என்றாள் மகள். பதில் சொல்ல முடியவில்லை. "வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருக்கு, பிறகும் ஏம்மா?" ஏன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம்! நல்லவேளையாக, நிறையக் குடித்ததும் மறுநாளே சரியாகிவிட்டது.

மறுநாள்தான் அந்த மரங்களைப் பார்த்தேன். 'அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்' என்று சுமார் 50 கிலோமீட்டர் சாலை. இரண்டு பக்கமும் ரெட்வுட் மரங்கள். நம் தென்காசிக் கோபுரம் சுமார் 180 அடி. அதன் மேல் இன்னொரு கோபுரத்தை வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு உயரம் கூட வளரும் ஜாதி. இன்னும் வடக்கே, ரெட்வுட் தேசியப் பூங்காவில் உள்ள ஒரு மரம் 379 அடியைத் தாண்டியது. உலகத்திலேயே உயரமான மரம் அதுதான். 2,000 வயது தாண்டியவையும் உண்டாம். நம் சங்கப் புலவர்கள் காலத்துச் செடிகள்!

கடற்கரைப் பக்கம் வந்ததும் வெள்ளை வெளேரென்று மூடுபனி. கோடையில் அங்கே மழை கிடையாது. பசிபிக் கடலிலிருந்து வரும் இந்தப் பனிதான் இலைகளில் படிந்து, சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்குகிறது. இலைகளும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கின்றன. காட்டுக்கு வருஷத்தில் கிடைக்கும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பனியால் வருவது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். குற்றாலச் சாரல் போல முகத்தில் பட்டது. "ஆச்சி, மரமே இலையால தண்ணி குடிக்குது. நீங்க மட்டும் குடிக்க மாட்டேங்கிறீங்க!" என்றான் பேரன். சுருக்கென்றது.

சகோதரிகளே, நமக்குச் சிறுநீர் வெளியேறும் பாதை சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கு இதைப் போலப் பல மடங்கு நீளம். அதனால் கிருமிகள் நமக்குச் சீக்கிரம் உள்ளே ஏறிவிடும். தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்தால் அவை வெளியே போய்விடும். அடக்கினால் உள்ளேயே பெருகும். ஆகவே, பயணம் கிளம்பும்போது:

1. வழக்கம்போல் தண்ணீர் குடியுங்கள். (இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு மட்டும்.)

2. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கி நாலு எட்டு நடந்தால் கால் வீக்கமும் குறையும்.

3. பெட்ரோல் பங்கில் கழிப்பறை கேட்கக் கூச்சம் வேண்டாம். சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் கைப்பையில் இருக்கட்டும்.

4. எரிச்சலோடு காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் ரத்தம் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை வியாதிக்காரர்களும் லேசான எரிச்சலுக்கே போய்விட வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகு தெருப்பெண்கள் சேர்ந்து திருச்செந்தூருக்கு வேன் பிடித்தோம். ஏறும் முன்பே டிரைவரிடம் போய், "தம்பி, சங்கரன்கோவில் தாண்டி ஒரு பங்குல நிறுத்தணும், திருநெல்வேலி தாண்டியும் நிறுத்தணும்" என்றேன். பின்னால் ஒரே சிரிப்பு. வண்டி நின்றதும் யாரும் அசையவில்லை. நான் முதலில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால், என் பின்னால் அத்தனை பேரும் வரிசையாக நிற்கிறார்கள்!