வாரத்துக்கு ஒரு குளிசை

காலையில் கட்டிலை விட்டு இறங்கவே அழுத பிள்ளை, பத்து மணிக்கு முற்றத்தில் ஓடித் திரிகிறாள். மாத்தளை மலைப்பக்கத்து வீடுகளில் இதற்கு இரண்டு விளக்கங்கள் தயாராக இருக்கும்: ஒன்று பனிக்குளிர், மற்றது பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிப்பு. சிறுவர் மூட்டுவாதத்தில் இரண்டுமே பொய். இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டில் அழற்சி நீர் தேங்கி நிற்கிறது. அழற்சியை அடக்கும் உடலின் சொந்தச் சுரப்பான கோர்ட்டிசோலும் நள்ளிரவில்தான் மிகக் குறைவு. நடக்க நடக்க விறைப்பு இளகிவிடும். கண்டி வழியாகப் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் நேரத்தில் பிள்ளை நொண்டவே மாட்டாள். ஆகவே விடியற்காலையில் தாய் கைபேசியில் எடுத்துவைத்த காணொளி, வைத்தியருக்குப் பெரிய சான்று.

பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டழற்சிக்கே சிறுவர் மூட்டுவாதம் என்று பெயர். ஒரே இரத்தப் பரிசோதனையில் இதை உறுதி செய்ய முடியாது. பார்த்து, தொட்டு, மடக்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சையில் பல பிள்ளைகளுக்கு வந்து சேரும் மருந்து மெதோட்ரெக்சேட். இது புற்றுநோய் மருந்து என்று யாராவது சொன்னதும் பெற்றோருக்குக் கை நடுங்கும். அந்தப் பயத்துக்கு நியாயமுண்டு. ஆனால் மருந்தின் கதை அதைவிடச் சுவையானது.

1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், துணியாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடும் இரத்தச்சோகையை ஆராய்ந்தார். நாம் பாணில் பூசிச் சாப்பிடும் மார்மைட்டைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த விட்டமின்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுகூடத்தில் அதைச் செயற்கையாகச் செய்தது. உயிரணு பிளந்து பெருக இந்த விட்டமின் வேண்டும். இரத்தப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கு இதே வகைப் பொருளைக் கொடுத்தபோது நோய் வேகமெடுத்ததாக பொஸ்டனில் சிட்னி பார்பர் கண்டார். அப்படியானால் இதன் எதிரி வேண்டும்! சுப்பாராவின் குழு மூலக்கூற்றில் சில அணுக்களை மாற்றியது. அந்த விட்டமினுக்கான பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் இறுகிக்கொள்ளும் கள்ளச் சாவி ஒன்று பிறந்தது. முதலில் அமினோப்டெரின், பிறகு மெதோட்ரெக்சேட்.

1951இல் அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட சிலரின் மூட்டு வீக்கம் வற்றியது. அதன்பின் 1992இல்தான், அமெரிக்காவிலும் முன்னைய சோவியத் நாட்டிலும் 127 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு, வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சிறிய அளவு மெதோட்ரெக்சேட் சிறுவர் மூட்டுவாதத்தில் பயன் தருவதைக் காட்டியது. இந்த அளவில் அதைக் கொடுப்பது உயிரணுவைக் கொல்வதற்காக அல்ல. அடினோசின் என்ற பொருளைத் திரளவைத்து அழற்சியைத் தணிக்கிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

ஏன் வாரத்துக்கு ஒருமுறை? இரத்தத்தில் இந்த மருந்து ஒரு நாளுக்குள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். உயிரணுவுக்குள் போனதோ வேறு கதை: அங்கே அதன் வாலில் குளுட்டமேட் துண்டுகள் ஒவ்வொன்றாய் ஒட்டிக்கொள்ள, வெளியேற வழியின்றி நாட்கணக்கில் தங்கிவிடுகிறது. தவறுதலாகத் தினமும் விழுங்கினால் சேர்ந்து சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அப்படி இறந்தவர்கள் உண்டு. கலண்டரில் குளிசை எடுக்கும் நாளை வட்டமிட்டு வைப்பது நல்லது. போலிக் அமிலக் குளிசையைப் பெரும்பாலும் வேறு நாளில் கொடுப்பார்கள், பக்கவிளைவைக் குறைக்க.

குமட்டல் வரலாம். அதனால் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவுதான் குளிசை நாள். தூக்கத்திலும் விடுமுறையிலும் அது கழிந்துவிடும். வைத்தியரைக் கேட்காமல் குளிசையைப் பொடிக்கக் கூடாது; கர்ப்பிணித் தாய் அதைக் கையால் தொடாமலிருப்பது நல்லது. ஈரலையும் இரத்த அணுக்களையும் கவனிக்க இடையிடையே இரத்தம் எடுப்பார்கள். தடுப்பூசிக்குப் போகும்போது மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றிலும் கடினம் பொறுமைதான்: மருந்து வேலை செய்வது தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், பலர் மனம் தளர்ந்து நிறுத்துவது இந்த இடைவெளியில்.

இன்னொன்று கண். சில மூட்டுகள் மட்டும் வீங்கும் வகையில், குறிப்பாகச் சின்னப் பெண்பிள்ளைகளுக்கு, கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். சிவப்பதில்லை, நோவதில்லை, பிள்ளை சொல்லவும் மாட்டாள். ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளைக் கண் வைத்தியர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒளிக்கீற்றுக் கருவியில் பார்ப்பது அதனால்தான். முழங்கால் வீக்கம் வற்றிய பிறகும் அந்தப் பயணம் தொடரும். அழற்சி தெரிந்து, சொட்டு மருந்தில் அடங்காவிட்டால், வைத்தியர் பெரும்பாலும் முதலில் நாடுவதும் இந்த மெதோட்ரெக்சேட்டைத்தான்.